மேலே வரும் வேகம்

சின்னக் குப்பியைக் குலுக்குவது என் வேலை.
இருபது விநாடி. எண்ணிக் குலுக்கினால்
தெளிந்த நீர் பாலாகும்.
பால் இல்லை அது, குமிழிகள்.
பெரும்பாலும் ஒரு சிவப்பணுவை விடச் சிறியவை.

"குமிழியா?" என்றார் டோர்கைர்,
ஒருக்களித்துப் படுத்தபடி.
"இரத்தத்துக்குள்ளா?"

ஸ்டவாங்கரில் ஏப்ரல் மழை.
எழுபத்து மூன்று வயது.
இருபத்தாறு ஆண்டு வடகடலின் அடியில்
எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் வைத்தவர்.
படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில்
'ஈரம்' என்று எழுதியிருந்தார்.

"எங்களுக்குக் குமிழிதான் எமன், அம்மா.
எஸ்கில் ஒருநாள் பயந்துபோய்
ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டான்.
சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி
மூட்டு மூட்டாய்ப் பொங்கியது இரத்தம்.
அவன் பூட்ஸை நான்தான்
வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்."

டாக்டர் இல்வா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
"உங்கள் சிறுநீரகம் களைத்துப்போயிருக்கிறது.
சி.டி. மருந்தையும் அதன் தலையில் கட்ட
எனக்கு மனமில்லை.
இதை அது சுமக்க வேண்டாம்."

"பிறகு எப்படி வெளியே போகும்?"

"மூச்சு வழியே."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
பிறகு கையை நீட்டினார்,
யாரிடமோ கயிற்றை ஒப்படைப்பவரைப் போல.

மருந்து உள்ளே. பின்னாலேயே சலைன்.
கடிகாரத்தை அழுத்தினேன்.
திரையில் இரண்டு பாதி:
இடப்பக்கம் வழக்கமான சாம்பல்,
வலப்பக்கம் இருட்டு.
எட்டு. ஒன்பது.
பதினொன்றில் ஒரு தீக்குச்சி உரசல்.
பதினான்கில் சிறுநீரகத்தின் புறணி முழுக்கப்
பற்றிக்கொண்டது.
முப்பதுக்குள் உள்மடிப்புகளும், சாவகாசமாய்.

கீழ்முனையில் மட்டும், மூன்று சென்டிமீட்டர்,
ஒளி ஒதுங்கிப் போகிறது,
பாறையைச் சுற்றும் மீன்கூட்டம் போல.

போன மாதத்து ஸ்கேன் 'கட்டி' என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருந்தது.
அந்த வளைந்த கொக்கியோடு
ஐந்து வாரம் படுத்தெழுந்திருக்கிறார்.

காலி வீடு, என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.
இல்வா சொல்லவில்லை.
"மூச்சை அடக்குங்கள்."
அடக்கினார்.
அடக்கிக்கொண்டே இருந்தார்.
'விடலாம்' என்று சொல்ல
நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம்,
ஏனென்றால் அந்த இருட்டுக்குள்
நூலளவு ஒரு சுவர் தெரிந்தது,
சுவரோரமாய் ஒரே ஒரு குமிழி
நடந்து போயிற்று.

பலத்த ஒலித்துடிப்பு ஒன்று கொடுத்தாள்.
அத்தனையும் உடைந்தன.
திரை அணைந்து, மறுபடி நிறைந்தது.
மறுபடி அதே சுவர். ஒன்று.
காத்திருந்தோம். இன்னொன்று.

நிலையாமைக்குக் குமிழியைத்தான் சொல்வார்கள்.
இந்த அறையில் சாட்சி அதுதான்;
பார்த்ததைச் சொல்லிவிட்டு உடைகிறது.

"விடுங்கள், விடுங்கள்!" என்றாள் இல்வா பதறி.
அவர் மெல்ல விட்டார், கணக்காய்.

"நீர்ப்பைதான். உள்ளே மெல்லிய தடுப்பு.
புற்று என்று சொல்ல இது போதாது.
ஒன்றுமேயில்லை என்று அனுப்பிவிடவும் முடியாது.
ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கிறேன்."

முகம் வாடும் என்று நினைத்தேன்.
"நிறுத்தம்," என்றார், ஏறக்குறைய மகிழ்ச்சியோடு.
"மேலே வரும் வழியில் நிற்க வேண்டும்.
ஒன்பது மீட்டரில், ஆறில், மூன்றில்.
வெளிச்சம் தலைக்கு மேலேயே தெரியும்.
போகக்கூடாது.
சும்மா தொங்குவதற்கும்
சம்பளம் கொடுத்தார்கள்."

அரைமணி நேரம் தாழ்வாரத்தில் உட்காரவைத்தோம்.
கோட்டை மடியில் வைத்துக்கொண்டு
கடிகாரத்துக்கு எதிரே இருந்தார்.
மற்றவர்கள் போனைப் பார்த்தார்கள்.
அவர் மூச்சு விட்டார்.
ஒவ்வொன்றையும் கடைசிவரை,
உள்ளே யாரையும் விட்டுவிடாமல்.

குப்பியில் மிச்சமிருந்த பால்
அடியில் தெளியத் தொடங்கியிருந்தது.
அதைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து
அக்டோபர் பதினான்கு என்று எழுதினேன்.

"அன்று வேண்டாம்," என்றார்.
"படகைக் கரையேற்றும் நாள்."

பதினைந்து என்று திருத்தினேன்.