பத்தின் மேல் ஐந்து

பெர்ம் நகரின் ஞாயிற்றுச் சந்தை. உறைபனி.
ஜார் காலத்துச் செம்புக் காசுகளை
உருளைக்கிழங்கு மாதிரி நிறுத்து விற்கிறான் கெலாசி.

விரல் மரத்துப்போகும்வரை துழாவினேன்.
ஐந்து கோபெக். உள்ளங்கை தாழும் கனம்.
ஒருபுறம் இரட்டைத் தலைக் கழுகு, மறுபுறம் இலை மாலை.
மாலைக்கடியில்
ஒரு முரசின் விளிம்பு.

கணவன் ஆண்ட ஆறு மாதம் அது பத்து.
அரியணை பிடித்த மனைவி
அவன் முரசின் மேலேயே
தன் பெயரை ஓங்கி அடித்து ஐந்தாக்கினாள்.
செம்பு முழுசாக மறக்கவில்லை.

"அச்சு பிசகியிருக்கே" என்றேன், கூசாமல்.
குறைத்துக் கொடுத்தான்.

டிராமில் கையுறை கழற்றித் தடவிக்கொண்டே வந்தேன்.
வீட்டுக் கதவில்
என் பெயர்ப்பலகைக்கு வெளியே
நான்கு ஓரமும் பித்தளை தெரிகிறது.
அர்காதியுடையது கொஞ்சம் பெரிது.
கழற்றச் சோம்பல்பட்டு
மேலேயே திருகியிருந்தேன்.