நாலு மைக்ரோ விநாடி

மாலை ஐந்தே முக்காலுக்கு மூன்று நிமிடம் தருவார்கள்,
ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசல் செய்திக்கும்
அரிசி விளம்பரத்துக்கும் நடுவில்.
"சமன்பாடு வேண்டாம்மா,
எல்லாரும் ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்காங்க"
என்பார் தயாரிப்பாளர் புவனேந்திரன்.
அவர் கையில் எப்போதும் வடை.

அன்றைக்கு நான் எடுத்துப் போனது கடிகாரம்.
முள் கிடையாது, டிக் டிக் கிடையாது;
லேசர் ஒளியில் குளிரவைத்த அணுக்களின்
துடிப்பை எண்ணுகிற கடிகாரம்.
ஸ்ட்ரோன்டியம் என்றால் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள்.
தீபாவளி மத்தாப்பில் சிவப்பு வருகிறதே,
அந்தச் சிவப்பின் சொந்தக்காரன் என்றேன்.
(பத்து விநாடி போயிற்று.)

பூமிக்குப் பக்கத்தில் நேரம் மெதுவாக நகரும்,
மேலே போகப் போக வேகம்.
நூறு வருஷமாய்த் தெரிந்த சங்கதிதான்.
இப்போது அந்த வித்தியாசத்தை
ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள்ளேயே அளந்துவிட்டார்கள்.
அரிசி மணியின் பாதித் தடிமன், என்று நான் சொல்லும்போது
கண்ணாடிக்கு அப்பால்
அரிசி விளம்பரம் தயாராக நின்றது.

நேரம் என்ற சொல்லில்தான் வழுக்கியது.
நம் ஆட்களுக்கு நேரம் ஓடுவதில்லை,
சரியாக இருக்கிறது, அல்லது சரியில்லை.
முதல் அழைப்பு கிள்ளானிலிருந்து, ஓர் அம்மா:
"இருபதாவது மாடியில ராகுகாலம்
சீக்கிரமே முடிஞ்சிடுமா?"
முடியும் என்றேன், அரை நேர்மையோடு.
எவ்வளவு சீக்கிரம் என்று சொல்வதற்குள்
போனை வைத்துவிட்டார்.

அடுத்தது செந்தூல் யோகேந்திரன்.
"கோபுரத்துக் கண்ணாடி துடைக்கிறேங்க.
கயித்துல தொங்கிட்டு. பதினஞ்சு வருஷம்.
முதலாளி ஆபீஸ் கீழே, கார் நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல.
நீங்க சொல்றதைப் பார்த்தா
அவர் கணக்கை விட நான் கூட நேரம் உழைச்சிருக்கேன்.
அதுக்கு ஓவர்டைம் உண்டா?"

சிரித்துவிட்டேன்.
ஒலிவாங்கி திறந்திருந்தது.
அவர் சிரிக்கவில்லை.
பிறகு அரிசி.

இரவு எல்ஆர்டியில் கம்பியைப் பிடித்து நின்றபடி
பேச்சுத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
தாராளமாக முந்நூறு மீட்டர் உயரம்.
நாளுக்கு எட்டு மணி நேரம்.
வருஷத்துக்கு முந்நூறு நாள், மழையைக் கழித்து
(இடி இடித்தால் கயிற்றை விட்டு இறங்கிவிட வேண்டும்;
இந்த ஊரில் இடி இடிக்காத வாரம் எது?)
மஸ்ஜித் ஜாமெக் வருவதற்குள் விடை வந்துவிட்டது:
பதினைந்து வருஷத்துக்கும் சேர்த்து
நாலு மைக்ரோ விநாடி.
ஒரு கண்சிமிட்டலை
ஐம்பதாயிரம் துண்டாக அரிந்தால்
அதில் ஒன்று.
சரிபார்த்தேன். பூஜ்யம் எதையும் விடவில்லை.

மறுநாள் அழைத்தேன், ஒலிபரப்பில் இல்லை.
மொட்டைமாடியில் உட்கார்ந்து
பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.
பத்து லட்சத்தில் நாலு பங்கு விநாடிங்க, என்றேன்.
மௌனம். சோறு பிசைகிற மௌனம்.
"அந்த நேரத்துல என்னதான் செய்ய முடியும்?"

வெளிச்சமாக இருந்தால்
பிரிக்ஃபீல்ட்ஸில் கிளம்பி
தேசிய அருங்காட்சியகம் போய்ச் சேரலாம்.

"ஜாம் இல்லாமலா?"

ஜாம் இல்லாமல்.

"அட," என்றார். அப்புறம் சிரித்தார்,
நேற்றைக்குச் சேர வேண்டிய சிரிப்பு.
"அப்ப என் பேர்ல எழுதி வைங்க."

எழுதி வைத்திருக்கிறேன்.
ஸ்டூடியோ சுவர்க்கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடுகிறது;
அதற்கு ஈர்ப்பு பொறுப்பில்லை,
நான் தாமதமாக வருவேன் என்று புவனேந்திரன் திருகிவைத்தது.

செவ்வாய்க்கிழமை பேருந்து சிக்னலில் நின்றபோது
ஜன்னலில் கன்னத்தை ஒட்டி அண்ணாந்து பார்த்தேன்.
வெகு மேலே, கண்ணாடியின் மேல் ஒரு புள்ளி.
அவராக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம்.
என் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தொங்கியபடி
ஒரு மேகத்தைத்
துடைத்துக்கொண்டிருந்தது.