கணக்கில் வராத ஒன்று

ஜெபமணி டீச்சர் கதவைச் சாத்தினார்.
பவதாரிணியின் சட்டைக் கையைச்
சுருட்டிவிட்டு
என்னைப் பார்த்தார்.
"வீட்டில் யார் அடிக்கிறது?"

வெளியே ஐப்பசி அடைமழை.
மருந்துக்கடைக் கோட்டைக் கழற்றாமலே
ஓடிவந்திருந்தேன்.
பையில் யாருக்கோ எடுத்துவைத்த
இருமல் மருந்து.

பிள்ளை சிரித்துவிட்டாள்.
வரைபடத்தில் ஊர் காட்டுகிறவள் போலத்
தொட்டுத் தொட்டுச் சொன்னாள்.
இடுப்பெலும்பில் ரெண்டு பக்கமும் கறுத்திருக்கே,
அது கீழ்க் கம்பியைச் சுத்துறப்ப.
ஆறுறதுக்குள்ள அடுத்தது வந்துடும் டீச்சர்.
முன்னங்கால்ல இது பீம்,
நாலு விரக்கடை மரம்,
கால் தவறினா அதுதான் நம்மளைப் பிடிக்கும்.
மணிக்கட்டுல கிரிப் வார் தேய்ச்சது.
முழங்கையில பாய்.
ஒட்டுநாடா பிஞ்ச இடத்துல விழுந்தேன்,
குணாளன் சார் மாத்தச் சொல்லி
எழுதிப் போட்டிருக்காரு.

பிறகு உள்ளங்கையை விரித்தாள்.
காய்ப்பு மடங்கிக் கிழிந்து
வெட்டிய கொய்யாவின் உள்நிறம்.
"மழையில பவுடர் கட்டிபிடிச்சுக்குது டீச்சர்,
கை வழுக்கும், இறுக்கிப் பிடிக்கணும்,
இறுக்கினா பிய்யும்."
விட்டால்?
"விட்டா விழணும்."

டீச்சர் ஒரு தாளில்
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வந்தவர்
இடது புஜத்தின் உள்பக்கத்தில் நின்றார்.
"இது?"

வரிசையாய் நான்கு நீலம்.
சற்றுத் தள்ளி ஒன்று, தனியே.

பவதாரிணி என் பக்கம் திரும்பவில்லை.
"அதுவும் பார்தான் டீச்சர்."

கம்பிக்கு விரல் கிடையாது.
அந்த அறையில் மூன்று பேருக்கும் அது தெரியும்.

வியாழக்கிழமை.
கை எரியுது, இன்னிக்குப் போகலம்மா என்றாள்.
சீட்டெடுத்து உடுப்புக்குக் கட்டியிருந்தேன்,
இரண்டாயிரத்து நானூறு.
ஸ்கூட்டி வரை இழுத்துப் போனேன்.
விடும்மா, விடும்மா என்றாள்.
தெருமுனை வரைக்கும் கேட்டது.

கடைக்கு வருகிறவர்களிடம்
நான்தான் சொல்வேன்:
முதல் நாள் ஐஸ் வையுங்க,
களிம்பை மேலாகத் தடவுங்க,
அழுத்தவே அழுத்தாதீங்க.

"அது நான், டீச்சர்" என்றேன்.
பேனா ஒரு கணம் நின்று
பிறகு எழுதியது.
என்ன எழுதியது என்று பார்க்கவில்லை.

அதற்குக் கோபித்துக்கொண்டாள் மகள்.
துலாக்கட்டத்தில் முழுகி வந்த கூட்டம்
ஈரத்துணியோடு வழியை அடைத்திருக்க
வண்டியில் என் இடுப்பைப் பிடிக்காமல்
பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்,
கிழிந்த கையால்.
"எதுக்குச் சொன்ன?
இப்ப சாரைக் கூப்பிடுவாங்க.
இனிமே அனுப்ப மாட்டாங்க.
நான்தான் பார்னு சொன்னேனே."

இரவு கரண்ட் இல்லை.
கைபேசி விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு
சின்னக் கத்தரியை வெந்நீரில் போட்டெடுத்து
தொங்கிய தோலை ஓரத்தோடு வெட்டினேன்.
உப்புத் தண்ணீரில் கை வைத்ததும்
ஸ்ஸ் என்றாளே தவிர இழுக்கவில்லை.
இந்த மாதத்தில் எதுவும் காய்வதில்லை,
கொடியில் துணியும்.
விசிறிமட்டையால் வீசிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இது எப்ப மஞ்சளாகும்?"

அவள் உள்ளங்கையைக் கேட்கவில்லை.
நீலம், பச்சை, மஞ்சள்.
நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்கிற பதில்,
தொண்டையில் நின்றது.
"பத்து நாள் ஆகும்டி."

விரல் விட்டு எண்ணினாள்.
போட்டிக்கு எட்டே நாள்.
"பரவால்ல, முழுக்கை உடுப்புதானே,
தெரியாது."

களிம்பை எடுத்தேன்.
அந்த நான்கின் மேல் வைக்கப் போன விரல்கள்
அச்சாக அதே இடங்களில்
போய்ப் பொருந்தின.
கையை எடுத்துவிட்டு
சுண்டுவிரலால் தடவினேன்,
அதுவும் மேலாக.
தனியே இருந்த ஒன்றுக்கு
அவளே தடவிக்கொண்டாள்.