மூணு ஏ

செந்தூல் பாலர்பள்ளியில்
படிவங்களுக்கு வெயிலும் இல்லை மழையும் இல்லை.
மாதக் கடைசி வெள்ளி மேசைக்கு வந்துவிட வேண்டும்.
ஒரு பிள்ளைக்கு நாற்பத்திரண்டு வரி,
வரிக்கு மூன்று கட்டம்:
இன்னும் இல்லை, வருகிறது, வந்துவிட்டது.

தவனேஷ், வயது நான்கு.
பதினேழாம் வரி: ஒன்று முதல் பத்துவரை
வரிசையாகச் சொல்கிறான்.

மார்ச் 3. ஒன்னு, ரெண்டு, மூணு, ஏதோ முனகல், அஞ்சு.
மார்ச் 10. நான்கில் தடுமாற்றம். சளி இருந்தது.
மார்ச் 18. மூணுக்குப் பிறகு 'ஏ' என்று இழுக்கிறான்.
கவனம் சிதறுகிறதா? காதைக் காட்டச் சொல்லலாமா?
முதல் கட்டத்தில் ஒரு டிக்,
பென்சிலால்தான்.

ஐஸ்கிரீம் குச்சிகளைக் கொட்டி
நாலு எடு என்றேன். என் முகத்தைப் பார்த்தான்.
அந்த மேசையில எல்லாருக்கும் ரொட்டி கொடு என்றேன்.
ஒரே நடை. சரியாக நான்கு.
மிச்சம் இல்லை, யாருக்கும் குறையில்லை.
இதற்கு வேறு வரி, இருபத்தொன்று. அதில் வந்துவிட்டது.
பதினேழோ
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வியாழன் மழை. திடலுக்குப் போக முடியவில்லை.
மைலோ அட்டைப்பெட்டியை நிமிர்த்தி
உள்ளே ஏறி நின்றான்.
பெட்டிச் சுவரில் கிரேயான் வட்டங்கள்,
கீழிருந்து மேலாக.
ரூபிகா பொம்மையோடு காத்திருந்தாள்.
"எத்தனாவது மாடி?"
"மேல."
"மேலன்னா? நம்பர் சொல்லணும்."
அவளுக்குத் தெரியவில்லை. அவனே அழுத்திக் காட்டினான்:
ஒன்னு. ரெண்டு. மூணு. மூணு ஏ. அஞ்சு.
"டிங். டோர் ஓப்பனிங்.
தள்ளி நில்லுங்க, வாளி வருது."

பேனாவை எடுக்கத் தோன்றவில்லை.
பத்தொன்பது வருடமாய் இந்த ஊர் லிஃப்டுகளில்
ஏறி இறங்குகிறேன்.
சீனர் காதுக்கு நான்கில் சாவு ஒலிக்கும் என்று
யாரோ சொல்ல, தலையாட்டிவிட்டு
பொத்தானை அழுத்திப் போனவள்.
அதுவும் ஓர் எண் என்று
ஒருநாளும் எண்ணியதில்லை.

ஐந்தரைக்கு வந்தாள் கோமளவள்ளி, அவன் அம்மா,
நீலச் சட்டையில் குளோரோக்ஸ் வாசம்.
கேட்டதும் சிரித்தாள்.
பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.
"சனிக்கிழம பார்த்துக்க ஆள் இல்ல டீச்சர்.
மோன்ட் கியாராவுல வேலை. இருபத்திரண்டு மாடி.
என்கூடவே லிஃப்ட்ல ஏறி ஏறி இறங்குவான்.
சூப்பர்வைசருக்குத் தெரியாது.
இதெல்லாம் அதுல எழுதிடுவீங்களா?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள்:
கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே.
கண்டதில் எழுதக் கூடாததும் இருக்கும் என்று
யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அவனை எண்ண விட்டேன்.
இத்தனை நாளும் ஐந்தில் நிறுத்தியது நான்தான்.
பன்னெண்டு, பதிமூணு, பதிமூணு ஏ,
மூச்சு வாங்கி, ஷூ லேசைக் கடித்துக்கொண்டே,
இருபது, இருபத்தொன்னு, இருபத்திரண்டு,
கட்டடம் அங்கே முடிந்துவிடுகிறது.
இவன் முடிக்கவில்லை.
இருபத்திமூணு.
இருபத்திமூணு ஏ.

அந்தப் பொத்தானை
எந்த லிஃப்டும் அவனுக்குக் காட்டியதில்லை.

வீட்டில் பென்சில் டிக்கை அழித்தேன்.
தாள் தேய்ந்து மறுபக்கம் தெரிந்தது.
'குறிப்பு' என்ற இடத்தில் இரண்டு வரிதான் கொள்ளும்:
"வரிசை மாறுவதில்லை. தான் கண்ட விதியை
காணாத எண்ணுக்கும் பொருத்துகிறான்."
'எங்கே கற்றான்' என்பதில் ஒரு சிறு கோடு.
எந்தக் கட்டம் என்று கேட்டால்,
நடுவில் போட்டேன். அதிகாரி
மூன்றாவதை எதிர்பார்த்திருப்பார், அல்லது முதலாவதை.
நடுக்கட்டத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

இப்போது நாலு சொல்லப் பழகிவிட்டான்,
என்னிடம் மட்டும்,
விருந்தாளிக்கு எடுத்து வைக்கும் தட்டைப்போல.

மே மாதம் வகுப்பில் கேக் வெட்டினோம்.
வயசு எத்தனை என்றேன்.
க்ரீம் ஒட்டிய ஐந்து விரலையும் விரித்தான்.
"மூணு ஏ தாண்டிட்டேன் டீச்சர்."