அலுமாரி பெண்பால்

முனீர்க்காவில் மூன்றாம் மாடி.
வீட்டுக்காரம்மா முதல் நாளே ஆதார் கேட்டார்.
இல்லை என்றேன்.
தொலைத்துவிட்டாயா என்றார்.
இல்லை.
இரண்டு இல்லைகளுக்கும் நடுவில் ஒரு கடல்,
அதைச் சொல்ல என்னிடம் இந்தி இல்லை.

கடவுச்சீட்டை நீட்டினேன்.
அதிலிருந்த சிங்கத்தைப் பார்த்து, வாளைப் பார்த்து,
என்னைப் பார்த்து
'மதராசி?' என்றார்.
அட்டை கேட்கிறவர்கள் எனக்குப் புதிதில்லை.
மன்னார்ப் பாலத்தடியில் பள்ளிக்கூட உடுப்போடு
பேருந்தை விட்டிறங்கி வரிசையில் நின்றிருக்கிறேன்.
அங்கே யாரும்
கேட்டு முடித்த பிறகு தேத்தண்ணி தந்ததில்லை.
இவர் தந்தார். இஞ்சி தட்டிப் போட்டது.
மறுநாள் வாடகையில் ஐந்நூறு கூட்டினார்.

வகுப்பில் ஒரு தமிழ்த் தோழி கிடைத்தாள்,
தாமரைச்செல்வி, திண்டுக்கல்.
நான் 'விளங்கேல்லை' என்றதும் கைகொட்டினாள்.
இன்னொரு தடவை சொல்லேன் என்று
கன்டீனுக்குக் கூட்டிக்கொண்டுபோய்
நாலு பேருக்கு முன்னால் என்னைக் கதைக்கவைத்தாள்.
நல்ல பிள்ளை. குளிருக்குத் தன் சால்வையைத் தந்தவள்.
என்றாலும் அன்றிரவு
சவர்க்காரம் என்று சொல்ல வாயெடுத்து
சோப்பு என்றேன்,
யாருமில்லாத குளியலறையில்.

தசராவுக்கு ராவணனைக் கொளுத்தினார்கள்.
பஞ்சுமிட்டாயோடு பக்கத்தில் நின்ற பொடியன்
அக்கா எந்த ஊர் என்றான்.
நேபாளம் என்றேன்.
அவன் நம்பவில்லை.

இந்தியில் பொருளுக்கெல்லாம் பால் இருக்கிறது.
கதவு ஆண். நாற்காலி பெண்.
தண்ணீர் ஆணாம், குளிர் பெண்ணாம்.
அஃறிணை என்றொரு பெரிய வீட்டில்
எல்லாவற்றையும் ஒன்றாய்க் குடிவைத்துப் பழகிய எனக்கு
ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டு
நீ ஆணா பெண்ணா என்று கேட்கக் கூச்சமாயிருக்கிறது.

பனிமூட்டம் தொடங்கிய கிழமை
அலுமாரிச் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்தது.
உள்ளே கடவுச்சீட்டு.
வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தில்
மறுநாள் பத்தரைக்கு என் முறை.

மேம்பாலத்தடியில் ஒரு சாவிக்காரர்,
சைக்கிள் முழுக்கச் சாவித் தோரணம்.
படித்த வினைச்சொல் ஒன்றும் வரவில்லை.
பாதிச் சாவியைக் காட்டி
'அல்மாரி' என்றேன்.
'சாபி' என்றேன்.
அரத்தைப் பைக்குள் போட்டு எழுந்துவிட்டார்.

இரண்டும் எங்கள் வீட்டுச் சொற்கள்.
பறங்கிக் கப்பலில் வந்து
எங்கள் கரையில் கொஞ்சம் இறங்கி
மற்றக் கரையிலும் இறங்கி
இந்தச் சந்துவரைக்கும் நடந்திருக்கின்றன,
நான் வருவதற்கு எத்தனையோ காலம் முந்தி.
அவற்றிடம் யார் என்ன கேட்டார்களோ.

படியேறும்போது துணிவு வந்து
முழு வாக்கியமே சொன்னேன்:
சாபி டூட் கயா.
'கயீ' என்றார், திரும்பாமலே.
ஊசிபோல ஒன்றை விட்டு முறிந்த துண்டை இழுத்தார்.
புதியதொன்றைத் தேய்த்தார்.
தரையெல்லாம் பித்தளைத் தூள்.
எண்பது ரூபாய்.
வாசலில் நின்று மறுபடி சொன்னார்: கயீ.

இரவு லின்தோய் வந்தாள், என் அறைக்காரி.
இம்பால். அவள் மொழியிலும்
நாற்காலி வெறும் நாற்காலிதான்.
திறந்த அலுமாரியைப் பார்த்து
'டீக் ஹோ கயா?' என்றாள்.
கயீ என்றேன், வாத்தியாரம்மா மாதிரி.
திருத்தியது பூட்டை, பூட்டு ஆண் என்றாள்.
திறந்தது அலுமாரி, அலுமாரி பெண் என்றேன்.
கீழே வீட்டுக்காரம்மாவைக் கேட்கலாம்.
கேட்டால் பூட்டை உடைத்தது யார் என்பார்.

விளக்கை அணைத்தோம்.
போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டும்
சண்டை பிடித்தோம்,
இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில்
பிழைபிழையாய், வேகவேகமாய்.