அடுப்பு ரௌஹாவிடம்

அடுப்பு ரௌஹாவின் பையில்.
எரிவாயுக் குப்பி இசாஸ்கரின் பையில்.
மூட்டை கட்டிய பிறகுதான் சண்டை வந்தது,
இனி யார் பிரித்து யார் கட்டுவது?
அப்படியே இறங்கிவிட்டோம் நால்வரும்,
சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, முதுகு காட்டி,
மீனாற்றுப் பள்ளத்தாக்குக்குள்.

ஒரு மணி நேர இறக்கம் என்றார்கள்.
உவேரியின் முழங்கால் இரண்டரை என்றது.
கீழே நின்று அண்ணாந்தால்
காலையில் நாங்கள் நின்ற விளிம்பு
வானத்தின் ஓரத்தில் நகக்கண் அளவு.
ஆறு எங்கே என்றேன்.
இதுதான் என்று இசாஸ்கர் காலால் காட்டினான்:
பச்சையாகத் தேங்கிய ஒரு குட்டை,
அப்புறம் கல்,
அப்புறம் கல்,
அரை மைல் தள்ளி இன்னொரு குட்டை.
மழை போய்விட்டது. இனி மாதக்கணக்கில்
ஆறு தன்னைத்தானே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்.

சண்டை ஆடுகளைப் பற்றியது.
பெர்செபாவில் அவன் மாமாவின் கிடையில்
இருவரும் பங்கு போட்டு வாங்கிவிட்ட பதினொன்று.
மூன்றை விற்று லாரிக்கு டயர் போட்டான்.
அவளைக் கேட்கவில்லை.
புது டயரைப் பார்த்துத்தான் அவள் கணக்குப் போட்டாள்.

முதல் இரவு.
அவள் அடுப்பைக் கல்மேல் வைத்துவிட்டு
நட்சத்திரம் பார்க்கப் போனாள்.
அவன் குப்பியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு
காலணி மணலைத் தட்டினான்.
நான் போய் இரண்டையும் திருகிச் சேர்த்தேன்.
கீட்மான்ஸ்ஹூப் ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடம்
எத்தனையோ குழாய்களை எத்தனையோ பேருக்கு மாட்டியவள்;
இவ்வளவு இறுகிய மரையை நான் கண்டதில்லை.

இரண்டாம் நாள் முழுக்க உருண்டைக் கற்கள்.
உவேரியின் காலணி வாய் பிளந்தது.
கூடாரக் கயிற்றால் கட்டினோம், அறுந்தது.
பேண்டேஜ் சுற்றினேன்.
கல்யாணத்துக்குப் போகும் வாத்து மாதிரி நடக்கிறான்
என்றாள் ரௌஹா.
இசாஸ்கர் வாய்விட்டுச் சிரித்தான்,
சொன்னது யார் என்று நினைவு வந்ததும்
மீதியை விழுங்கினான்.
அதற்குள் எதிர்ச்சுவர் அதை வாங்கி
இரண்டு தடவை திருப்பிச் சிரித்துவிட்டது.

மூன்றாம் இரவு குதிரைகள் வந்தன.
லாடம் இல்லாதவை, யாருடையதும் இல்லாதவை.
நிலா வெளிச்சத்தில் எங்கள் தலைமாட்டிலேயே
நீர் உறிஞ்சும் சத்தம்.
நால்வரும் விழித்திருந்தோம்,
நால்வரும் தூங்குவதாக நடித்தோம்.
டார்ச்சை ஒருவரும் எடுக்கவில்லை.

நான்காம் நாள் பொழுது சாய எரிவாயு தீர்ந்தது.
ஒரு நீலச் சுடர், ஒரு இருமல், அவ்வளவுதான்.
மக்காச்சோளக் கூழ் பாதி வேக்காட்டில் நின்றது.
இனி இவனுக்கு அவள் வேண்டியதில்லை,
அவளுக்கு இவன் வேண்டியதில்லை.
பச்சை மாவு வாசனையோடு படுத்தேன்,
இவர்களுக்கு நடுவே திருக ஒன்றும் மிச்சமில்லை.

விடியலில் பார்த்தால் ரௌஹா
காபிப் பொடியை ஆற்றுநீரில் கொட்டி
குச்சியால் கலக்கிக்கொண்டிருக்கிறாள்.
கரையவில்லை. செம்புழுதி போல மேலே மிதந்தது.
முதல் குவளையை அவனிடம் நீட்டினாள்,
முகத்தைப் பார்க்காமல்.

“எட்டு” என்றாள்.

அவன் ஒரு வாய் குடித்தான்.
பல்லில் ஒட்டியதைத் துப்பினான்.

“ஒன்பது.
அந்தக் காது கிழிந்தது குட்டி போட்டிருக்கிறது.”

“எப்போது?”

“கிளம்புவதற்கு முந்தின நாள்.”

“நாலு நாளாகச் சொல்லவில்லையே!”

“நீ கேட்கவில்லையே.”

அப்புறம் கிடாயா பெட்டையா என்று தொடங்கி
முன்னால் போன இருவரும்
நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள்.
முழுச் சண்டை, தொண்டை கட்டும் சண்டை:
டயர் விலை, மாமா, பங்கு, வட்டி.
இரண்டு பக்கப் பாறைகளும் கட்சி கட்டிக் கத்தின.
பின்னால் உவேரி, பேண்டேஜ் இழைய இழைய,
அவனுக்கும் பின்னால் நான்.
ஐ-ஐஸ் வெந்நீர்க் குளத்தின் ஆவி கண்ணில் படும்வரை
அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தோம்,
முதல் நாள்
சங்கிலியைப் பிடித்த மாதிரி.