படிகள் நூற்றுப் பதினான்கு

"எல்லோரும் வரலாம்" என்று
ஆறு வருடமாக எழுதி ஒட்டினேன்.
வந்தது அதே பதினொரு பேர்.
மற்றவர்களுக்கு மனமில்லை என்று
நினைத்துக்கொள்வது சுகமாக இருந்தது.

வல்பராய்சோவில், எங்கள் குன்றின் ரொட்டிக்கடை வரிசையில்
ஒருநாள் நிபால்தோ சொன்னார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
அந்த இரைச்சல் காதைவிட்டு இன்னும் இறங்கவில்லை,
அதனால் கடை முழுக்கக் கேட்டது:
"உங்கள் கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறீர்கள்.
சிரிக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு
எதற்குச் சிரித்தேன் என்று
வீட்டில் போய் யோசிக்கிறேன்.
அலுத்துவிட்டது."

பின்னால் நின்ற வில்னேர், ஹைத்தியிலிருந்து வந்தவன்,
மாவு படிந்த கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டான்:
"அந்தத் தேநீருக்குக் காசு உண்டா?"
மூன்று வருடமாக எங்கள் வாசலைக் கடந்து போகிறவன்.

அன்றிரவு புதுத் தாள் எடுத்தேன்.
படிகள் எத்தனை என்று எழுத வந்தபோதுதான்
எண்ணியதே இல்லை என்று தெரிந்தது.
இறங்கி, எண்ணி, ஏறி வந்தேன். மூச்சு வாங்கியது.
நூற்றுப் பதினான்கு. அறுபதாவதில் ஒரு பெஞ்ச் உண்டு
(மறுநாள் பெஞ்சுக்கு அலைந்தோம்).
காசு வேண்டாம், கைவீசி வரலாம்.
ஆறுக்குத் தொடங்கும். எட்டுக்கு முடியும், உண்மையாகவே முடியும்.
வானொலி கிடையாது.
ஜன்னலோர மேசையில் ஒருவர் பேசினால் மற்றவர் கேட்பார்.
கன்னத்து முத்தம் வேண்டாதவர்
கையை மார்பில் வைத்தால் போதும்.
பேசாமல் இருக்கலாம். சொல்லாமல் கிளம்பலாம்.

"இது அழைப்பா, மருந்துச் சீட்டா?" என்றாள் யாஸ்னா.
பசை தடவித் தந்ததும் அவள்தான்.

வியாழனன்று பத்தொன்பது பேர்.
வில்னேர் கைவீசி வரவில்லை, ஒரு பை எலுமிச்சை.
நிபால்தோ ஒரு வேடிக்கைக்கு
எல்லோருக்கும் முன்னால் சிரித்தார்,
அது அவ்வளவு நல்ல வேடிக்கையும் இல்லை.
கோட்டுகள் தொங்கும் மூலையில்
பெயர் தெரியாத ஒருத்தி பத்து நிமிடம் இருந்தாள்.
பிறகு நாற்காலி மட்டும் இருந்தது,
பாதிக் கோப்பை, ஆவியோடு.
யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் கழுத்து அரித்தது.

எட்டுக்குப் பூட்டிவிட்டு இறங்கினேன்.
முதல் படியருகே ஒட்டியிருந்த தாளில்
நூற்றுப் பதினான்குக்குக் கீழே பென்சில் கோடு,
சக்கர நாற்காலி உயரத்தில் எழுதிய சாய்ந்த எழுத்து:
"எனக்கு ஒன்றே அதிகம். – ஓதெத்."

நெடுநேரம் நின்றேன். பிறகு நிபால்தோவின் கதவைத் தட்டி
மேசையை, கெட்டிலை, பத்தொன்பது நாற்காலிகளை
எப்படிக் கீழே இறக்குவது என்று கேட்டேன்.
தலையைத் திருப்பி
நல்ல காதைக் காட்டினார்:
"மறுபடி சொல், மெதுவாக.
எடை எவ்வளவு?"